நீச்சல் குளத்துக்கு மருந்து: மக் இரண்டு வேண்டும்

சிட்னியில் பென்ரித் பக்கம் வாடகைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "அண்ணா, வீட்டின் பின்னால் நீச்சல் குளம் இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன குளோரினும் ஆசிட்டும் ஷெட்டில் கிடக்கின்றன. ஊர்க் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்ட பழக்கம் உண்டு. அதே மாதிரிதானே?"

பவுடர் கிட்டத்தட்ட அதே இனம்தான் தம்பி. ஆனால் ஊரில் கிணற்றடியில் ஆசிட் கேன் நிற்பதில்லை.

சிட்னியில் எனக்கு இரண்டாவது கோடை. திரவக் குளோரின் அளந்த மக்கை அலசாமல் அதிலேயே ஆசிட்டை ஊற்றினேன். அடியில் நாலைந்து ஸ்பூன்தான் மிச்சம் இருந்திருக்கும். குப்பென்று மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பியது. மக்கைப் போட்டுவிட்டு ஓடியும் இரண்டு நாள் இருமல் விடவில்லை. வந்தது குளோரின் வாயு. அன்றிலிருந்து ஆசிட்டுக்குச் சிவப்பு மக், குளோரினுக்கு நீல மக். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் பல கடைகளில் காசு வாங்காமலே பார்த்துச் சொல்வார்கள். பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு; ஆசிட் விட்டால் இறங்கும்) 7.2 முதல் 7.6 வரை, குளோரின் பத்து லட்சத்தில் 1 முதல் 3 பங்கு இருந்தால் நல்லது. பிஎச் 8-ஐத் தாண்டினால் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் பாதிக்கு மேல் வீண். அதனால் ஆசிட்தான் முதலில்.

பிளஸ் டூ லேபில் சொன்னது இங்கேயும் பொருந்தும். வாளியில் தண்ணீர் எடுத்து அதில் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டின் மேல் தண்ணீரை விடக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்று முதுகில் படும்படி நின்று, பம்ப் ஓடும்போது மெல்ல ஊற்றுங்கள். அப்புறம் சில மணி நேரம் விட்டு, வெயில் இறங்கியதும் குளோரின். பகலில் போட்டால் பாதியை வெயில் குடித்துவிடும். எதற்கும் அளவு லேபிளில் இருக்கும், கண்ணளவு வேண்டாம்.

குளோரினிலும் வகை உண்டு. தூள் ஒன்று, மிதக்கவிடும் வில்லை இன்னொன்று. இரண்டும் குளோரின்தானே என்று ஒரே டப்பாவில் கொட்டிவிடாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஈரக் கரண்டியை உள்ளே விடுவதும் ஆபத்துதான்.

உங்களுடையது உப்புக் குளமாக இருந்தால் குளோரினே வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். உப்பிலிருந்து மிஷின் செய்துதருவதே குளோரின்தான். அதில் பிஎச் ஏறிக்கொண்டே போகும், ஆசிட் வேலை உங்களை விடாது.

சரி, அந்த ஷெட். லேபிள் போன கேனைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். வீட்டு ரசாயனங்களைக் காசில்லாமல் வாங்கிக்கொள்ளும் நாட்கள் இங்கே நடக்கும், கவுன்சிலில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) கேளுங்கள். அதுவரை ஆசிட் ஒரு மூலையிலும் குளோரின் எதிர் மூலையிலும் இருக்கட்டும், ஷெட்டுக்குப் பூட்டும் போடுங்கள். மருந்து கண்ணில் தெறித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவ ஆரம்பித்து, 13 11 26-ஐக் கூப்பிடுங்கள், விஷ முறிவு ஆலோசனை எண் அது. மூச்சு திணறினால் நேராக 000, ஆம்புலன்ஸுக்கான அவசர எண்.