டிண்ட்லியின் மூன்றாம் சரணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் கைகோத்துப் பாடுவோமே ‘வீ ஷல் ஓவர்கம்’, அதை எழுதியவர் சார்ல்ஸ் ஆல்பர்ட் டிண்ட்லி என்ற கறுப்பினப் போதகராம். அடிமையாகப் பிறந்து, ஆலயத்தைப் பெருக்கி, பிறகு அதே ஆலயத்துக்குப் போதகரானாராம். இணையத்தில் தேடினால் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் பெயர்தான் முதலில் வருகிறது. எது சரி? டிண்ட்லியின் பாட்டு ஒன்றைப் பாடகர் குழுவில் எடுக்கலாம் என்றும் ஆசை. உரிமைச் சிக்கல் வருமா?

ஆர்.
பாளையங்கோட்டை

அன்புள்ள ஆர்.,

பெருக்கியதும் உண்மை, போதகரானதும் உண்மை. மற்ற இரண்டும் அரைகுறை.

டிண்ட்லி 1851-ல் மேரிலாந்து மாநிலத்தில் பெர்லின் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அடிமை, அம்மா அடிமையல்ல. தாயின் நிலைதான் பிள்ளைக்கு என்பது அன்றைய சட்டம். ஆகவே பிறப்பால் அவர் அடிமையில்லை. அதனால் பெரிதாக என்ன கிடைத்துவிட்டது என்று கேட்டால், ஒன்றுமில்லை. சிறுவயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பா பையனைக் கூலி வேலைக்கு அனுப்பினார். எழுத்துச் சொல்லித்தர ஆளில்லை. வழியில் கிடக்கும் செய்தித்தாள் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்வாராம், பை கிடையாது என்பதால். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு பைன் மரத்துண்டுகளைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டியிருக்கிறார். பின்னாளில் அவரே எழுதியது இது. உங்களுக்கு வந்த செய்தியில் இந்தப் பை இல்லாத சட்டை இருந்திருந்தால் நான் உடனே நம்பியிருப்பேன்.

பிறகு பிலடெல்பியா. கட்டட வேலையில் செங்கல் சுமந்தார். பெயின்பிரிட்ஜ் தெரு மெதடிஸ்ட் ஆலயத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டார். அஞ்சல்வழியில் கிரேக்கம், ஒரு யூத ஆசிரியரிடம் எபிரேயம் என்று படித்துத் தேறி, பல ஊர்ச் சபைகளில் ஊழியம் செய்துவிட்டு 1902-ல் அதே சபைக்குப் போதகராகத் திரும்பினார். சபை பெருகிக்கொண்டே போய், 1924-ல் பிராட் தெருவில் பெரிய ஆலயமே கட்டினார்கள். இன்று அது டிண்ட்லி டெம்பிள்.

சரி, ‘ஓவர்கம்’ விஷயம். 1900-ஐ ஒட்டி டிண்ட்லி ‘ஐ’ல் ஓவர்கம் சம் டே’ என்று ஒரு பாட்டு எழுதினார். உலகம் ஒரு போர்க்களம், மனம் தளராவிட்டால் ஒருநாள் நான் ஜெயிப்பேன் என்பது சாரம். “நாம் தளர்ந்துபோகாதிருந்தால் ஏற்றகாலத்தில் அறுப்போம்” என்ற கலாத்தியர் வசனம்தான் அடியில் இருக்கிறது. ஆனால் அதன் மெட்டு நீங்கள் பள்ளியில் பாடிய மெட்டு அல்ல. அந்த மெட்டு ‘ஐ’ல் பீ ஆல்ரைட்’ என்று கறுப்பினச் சபைகளில் வாய்வழியாகப் புழங்கிய பாட்டோடு சேர்ந்தது. 1945-46-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறியலில் லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளி அந்தப் பாட்டை மிக மெதுவாக இழுத்துப் பாடுவாராம். அங்கே ‘நான்’ போய் ‘நாம்’ வந்தது. டென்னசியில் தொழிலாளர் இயக்கத்தாருக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளியில் ஸில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றுக்கொண்டார், அவரிடமிருந்து சீகருக்குப் போனது. அப்புறம் சீகர், ஹார்ட்டன் முதலிய நால்வர் பெயரில் காப்புரிமை பதிவாயிற்று. உங்கள் தேடலில் சீகர் முந்திக்கொண்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, அந்தச் சொல்லும் நம்பிக்கையும் டிண்ட்லி வழியாகவும் வந்திருக்கலாம். பாட்டு அவருடையதல்ல. இதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இரவல் பெருமை தேவைப்படாத ஆள் அவர்.

‘ஸ்டாண்ட் பை மீ’ பாருங்கள், 1905. (பென் இ. கிங் 1961-ல் பாடிய காதல் பாட்டு வேறு. ஆனால் அந்தத் தலைப்பே ஜெபப் பாடல் வழக்கிலிருந்து போனதுதான்.) தனியாகப் பல்லவி கிடையாது. ஐந்து சரணம், ஒவ்வொன்றும் “என் பக்கத்தில் நில்” என்று முடியும். புயலை நிறுத்து என்று எங்குமே கேட்பதில்லை, கவனியுங்கள். கூப்பிடும் பெயர் மட்டும் சரணத்துக்குச் சரணம் மாறும். முதலில் காற்றையும் நீரையும் ஆள்பவரே, அடுத்து ஒரு போரிலும் தோற்காதவரே, நான்காவதில் பவுலையும் சீலாவையும் காப்பாற்றியவரே. கடைசியில் முதுமை, குளிர்ந்த யோர்தான் கரை, அதாவது சாவின் விளிம்பு.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. அதில் புயலும் இல்லை, எதிரியும் இல்லை. என்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டேன், ஆனாலும் தப்பும் தவறும்தான் மிச்சம், நண்பர்களே என்னைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்கிறார். அங்கே கடவுளுக்குப் பராக்கிரமப் பட்டம் எதுவும் இல்லை. “என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தவரே” என்று மட்டும் கூப்பிடுகிறார். எத்தனையோ பக்திப் பாட்டுகளில் பாவம் உண்டு, சாத்தான் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் நண்பர்கள் நடுவில் கெட்டுப்போகும் சங்கடத்தை இவ்வளவு சாதாரணமாகப் பாடியதை நான் அதிகம் கேட்டதில்லை. சபை நிர்வாகத்தில் இருந்த யாரையாவது கேளுங்கள், புரியும்.

உரிமை பற்றி: டிண்ட்லி 1933-ல் இறந்தார். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு என்பது நம் நாட்டுக் கணக்கு, எனவே அவர் பாட்டுகளைத் தாராளமாகப் பாடலாம், தமிழாக்கவும் செய்யலாம். ‘வீ ஷல் ஓவர்கம்’ கூட அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2018-ல் பொதுச்சொத்தாகிவிட்டது. புதிதாக யாராவது செய்த இசைக்கோவையை நகலெடுத்தால் மட்டும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். வேகமாக எடுக்காதீர்கள், கைதட்டலும் வேண்டாம். நேரம் போதவில்லை என்று சரணத்தைக் குறைப்பதானால், நான்காவதை விடுங்கள்.