கேரம் போர்டுக்கு ஒரு குண்டு பல்பு

அன்புள்ள ஐயா,

கோவையில் வசிக்கிறேன். நான்கைந்து வருடங்களாக உங்களைப் படித்து வருகிறேன். அரையாண்டு விடுமுறையில் மனைவி, மகனுடன் மூன்று நாள் சென்னை வருகிறோம். தேனாம்பேட்டையில் அறை எடுத்தாயிற்று. நாளுக்கு ஒரு கேளிக்கை, ஒரு விளையாட்டு, ஒரு நல்ல சாப்பாடு என்பது திட்டம். முதல் நாள் சபா கச்சேரியும் கேன்டீனும். இரண்டாம் நாளை வட சென்னைக்கு ஒதுக்கியிருக்கிறேன். கானா, குத்துச்சண்டை, அத்தோ மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா? கானாவுக்கு டிக்கெட் எங்கே கிடைக்கும்? குடும்பத்தோடு வர அந்தப் பக்கம் பாதுகாப்பாக இருக்குமா? மகனுக்குப் பத்து வயது. கேரம் என்றால் உயிர், மொபைலில்தான். அவனுக்கும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

க., கோவை

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பாரிமுனையில் எலெக்ட்ரிக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு குண்டு பல்புக்காக. நூறு வாட்ஸ், உள்ளே கம்பிச்சுருள் தெரியுமே, அந்தப் பழைய பல்பு. எதற்கென்று பிறகு சொல்கிறேன். உங்கள் கடைசி இரண்டு வரி மட்டும் வந்திருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். மேலே இருந்த வரிகளால்தான் மூன்று நாள் ஆயிற்று. கோபம் ஆறட்டும் என்று வைத்திருந்தேன். முழுக்க ஆறவில்லை.

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. நண்டும் இறாலும் பிடித்துப் பிழைத்தவர்கள் கையில் தார்போல அது ஒட்டிக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் ஓடியது. பாதுகாப்பா என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள், தம்பி. நீங்கள் சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறினால் விம்கோ நகர் வரை ஒரே ரயில், 2021 பிப்ரவரியிலிருந்து ஓடுகிறது. திருவொற்றியூர் தேரடியில் இறங்கி வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வந்தாலும் சந்தோஷம்.

கானா டிக்கெட். சாவு வீட்டில் விடிய விடிய, செத்தவர் பெயரையும் அவர் செய்த நல்லது கெட்டதையும் சேர்த்துப் பாடி வளர்ந்த பாட்டு அது. யாராவது செத்தால்தான் உங்கள் இரண்டாம் நாள் நிறையும் போலிருக்கிறது. மேடையில் கேட்க வேண்டுமானால் 2020இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ இருக்கிறது, அந்த வாரம் அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். சபாக் கச்சேரிக்கும் தாராளமாகப் போங்கள். ஆனால் சங்கீதம் தென் சென்னையில் பிறந்தது என்று பையனிடம் சொல்லிவைக்காதீர்கள். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பதைக் கேட்க வித்வான்களெல்லாம் ஜார்ஜ் டவுன் வீடொன்றில்தான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

குத்துச்சண்டையை விடுங்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை கட்டி மோதியதெல்லாம் அப்பா தலைமுறையோடு சரி. 1980இல் முகமது அலி நேரு ஸ்டேடியத்துக்கு வந்தபோது எனக்கு உங்கள் பையன் வயது. அப்பா என்னை விட்டுவிட்டுப் போனார். அந்தக் கோபமும் இன்னும் ஆறவில்லை. கால்பந்து என்றால் வியாசர்பாடி. இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் அங்கிருந்து போனவர்தான். ஆனால் டிசம்பரில் மைதானம் சேறாகக் கிடக்கும், பையனின் வெள்ளை ஷூவை மறந்துவிட வேண்டியதுதான்.

அத்தோ மட்டும் நீங்கள் சரியாகப் பிடித்த விஷயம். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணி எல்லாம் அரசுடைமை ஆகி, கப்பலேறித் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த ருசி. பர்மா பஜாருக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச் தெருவில் சாயங்காலம் தள்ளுவண்டி போடுவார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே ஒரு தட்டையை நொறுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கரண்டியால் கிளறச் சொன்னால் ருசி வராது, கடைக்காரருக்கும் பிடிக்காது. கூடவே வாழைத்தண்டு போட்ட சூப் சுடச்சுட வரும். வாங்கி நின்றுகொண்டே சாப்பிடுங்கள். உட்கார இடம் எங்கே என்று தேடினால் உங்களைக் கோவை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது பல்பு.

மொபைலில் கேரம் என்று எழுதிவிட்டு அதை ஒரு சிரிப்போடு கடந்துபோயிருக்கிறீர்கள். என்னால் கடக்க முடியவில்லை. மொபைல் போர்டுக்கு மழைக்காலம் கிடையாது, ஐயா. நிஜப் போர்டு மரம். எங்கள் பக்கம் கார்த்திகை மார்கழியில் மழை ஈரம் ஒன்று, கடல் ஈரம் ஒன்று, இரண்டும் சேர்ந்து அதில் இறங்கும். பவுடர் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். போன மாதம் எதிர்க் கட்டையில் மோதித் திரும்பி வந்த ஸ்டிரைக்கர் இந்த மாதம் நடுவட்டத்திலேயே படுத்துவிடும். ‘போர்டுக்கு ஜலதோஷம்’ என்போம். அதற்குத்தான் தலைக்கு மேலே தகர மூடி போட்டு ஒரு குண்டு பல்பைத் தாழ்வாகத் தொங்கவிடுவது. வெளிச்சத்துக்கு என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி சூட்டுக்கு. ஆட்டத்துக்கு அரைமணி முன்னால் பல்பைப் போட்டு, உள்ளங்கையைப் பலகையில் வைத்துப் பார்த்து, இளஞ்சூடு ஏறியதும்தான் காயை அடுக்குவோம்.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் கேரம் மன்றத்துப் பிள்ளைகள் கரண்ட் பில்லைக் காட்டி எல்இடி மாட்டினார்கள். வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரி மாதிரி வெளிச்சம். சூடு மட்டும் இல்லை. இந்த மழைக்கு போர்டு தூங்கிவிட்டது. எங்கள் செட்டில் ஆளுக்கொரு பக்கம் தேடுகிறோம். பாரிமுனையில் ஒரு கடைக்காரர், “அது எங்க சார் வருது இப்ப? கோழிக்குஞ்சுக்குப் போடறவங்களைக் கேளுங்க” என்றார். சிரிக்காமல் சொன்னார். நான்காவது கடையில் மேல்தட்டில் தூசியோடு இரண்டு கிடந்தன. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

இதை ஏன் உங்களிடம் நீட்டி முழக்குகிறேன் என்றால், விளையாட்டு என்று நீங்கள் பட்டியலில் எழுதியிருப்பது டிக்கெட் வாங்கிப் பார்ப்பது. இங்கே இருக்கும் விளையாட்டுக்கு கேலரி கிடையாது. எழுபத்து நான்கு சென்டிமீட்டர் சதுரம், பத்தொன்பது காய், பதினைந்து கிராமுக்கு மிகாத ஒரு ஸ்டிரைக்கர், சுற்றி நாலு தலை. பன்னாட்டு கேரம் சம்மேளனம் 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். 1991, 1995 உலக சாம்பியன் மரிய இருதயம் நம்மூர்க்காரர். 2008இல் உலகப் பட்டம் வாங்கிய இளவழகி வியாசர்பாடி. 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுபவரின் மகள். இவர்களெல்லாம் கண்ணாடித் திரையைத் தேய்த்து வந்தவர்கள் இல்லை. ஆட்காட்டி விரல் நகத்தடியில் ரத்தம் கட்டி, கறுத்து, நகம் விழுந்து, முளைத்து வந்தவர்கள். உங்கள் பையன் விரலை எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றும் இருக்காது. பத்து வயதுப் பிள்ளை, தப்பு அவனுடையது இல்லை. ஒரு போர்டு வாங்கிப் போட உங்களுக்குத் தோன்றவில்லை, மூன்று நாளுக்குத் தேனாம்பேட்டையில் ரூம் போடத் தோன்றியிருக்கிறது.

கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேன். இருக்கட்டும்.

காசிமா பெயரைச் சொன்னதும் அக்கா ஞாபகம் வந்துவிடுகிறது. என்னைவிட ஏழு வயது மூத்தவள். பெண்பிள்ளைகள் மன்றத்துப் படியேற முடியாத காலம், வீட்டில் இருந்த போர்டில்தான் ஆடுவாள். நான் ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது, ஒரு மார்கழி மழை. ஹார்பரில் வின்ச் ஓட்டிய ஒரு மாமா, மன்றத்து சாம்பியன், மழைக்கு எங்கள் வீட்டில் ஒதுங்கினார். சும்மா இருக்க முடியாமல் போர்டை இழுத்துப் போட்டார். கரண்ட் போயிற்று. அம்மா அரிக்கேன் விளக்கை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். காற்றில் விளக்கு ஆட, காய்களின் நிழலெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்ந்துகொண்டிருந்தது. மாமா நிழலைப் பார்த்து அடித்தார். அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, சிவப்பு தன் பக்கத்துக் குழிக்குக் கிட்டே கிடந்ததை, கட்டை விரலால் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். சிவப்பு சத்தமில்லாமல் இறங்கியது. அடுத்த அடியில் வெள்ளைக் காயையும் குழியில் இறக்கி ஃபாலோ போட்டாள். மாமா போர்டைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். “இந்தப் புள்ளைய ஏன்பா வீட்ல வெச்சினுகீற?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எனக்கு இன்றுவரை அர்த்தம் தெரியவில்லை.

அடுத்த தையில் அக்காவுக்குக் கல்யாணம், அரக்கோணத்துக்குப் போய்விட்டாள். போர்டைக் கவிழ்த்து மொட்டைமாடியில் வைத்து அம்மா அதன்மேல் வடகம் காயவைத்தாள். இரண்டு கோடையில் பலகை வளைந்துவிட்டது.

காசிமா ஜெயித்த செய்தி டிவியில் வந்த அன்று ராத்திரி அக்கா போன் செய்தாள். சுகமா, சாப்பிட்டாயா எதுவும் இல்லை. எடுத்தவுடனே, “அந்தப் பொண்ணு வெரலப் பாத்தியாடா?” என்றாள். பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மூட்டுவலி மாத்திரை பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

அதனால் உங்கள் இரண்டாம் நாளை நான் மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மதியத்துக்கு மேல் டோல்கேட் ஸ்டேஷனில் இறங்கி எனக்கு எழுதுங்கள், வந்து கூட்டிப் போகிறேன். மன்றத்தில் நாலு மணிக்கு பல்பைப் போட்டுவிடுவோம். உங்கள் மனைவியும் உட்காரலாம், இப்போது யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். யாராவது சொன்னால் நான் இருக்கிறேன். அந்த வாரம் அக்காவும் இங்கே இருப்பாள், வரச் சொல்லிப் பார்க்கிறேன், வருவாளா தெரியாது. அத்தோ ஏழு மணிக்கு. மழை கொட்டினால் வண்டி போடமாட்டார்கள், எங்கள் வீட்டில் மீன் குழம்பு.

கிளம்பும் முன் பையனுக்கு வலது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். முதல் நாள் ரொம்ப வலிக்கும்.