களைத்த காலோடு கடைக்குப் போங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. மதுரை ஒத்தக்கடையில் வசிக்கிறேன். எட்டு மாதமாக வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். எதிரே வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால், போகும்போதும் வரும்போதும் சாலையின் வலது ஓரத்திலேயே ஓடுவது வழக்கம். இரண்டு மாதமாக இடது கணைக்காலின் உள்பக்கம் வலிக்கிறது. கடையில் ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தட்டைப்பாதம், பாதம் உள்பக்கம் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலிட்டி ஷூதான் போட வேண்டும்" என்றார்கள். விலை பத்தாயிரத்துக்கு மேல். அவ்வளவு பணம் கொடுக்கும்முன், அது என் காலுக்கு ஒத்துவருமா, உண்மையிலேயே தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் 'வலது ஓரம்' என்ற சொல். மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகத் தார்ச்சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி, ஓரங்களைச் சரித்துத்தான் போடுகிறார்கள். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் சரிவு, நடப்பவருக்குத் தெரியாது. நீங்கள் வலது ஓரத்தில் ஓடும்போது வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். மேட்டில் இருக்கும் பாதம் ஒவ்வோர் அடியிலும் உள்பக்கமாகக் கூடுதலாகச் சாய்ந்தால்தான் தரையில் முழுதாகப் படியும். ஐந்து கிலோமீட்டரில் அந்த ஒரு கால் மட்டும் 2,500 தடவைக்குக் குறையாமல் இப்படிச் சாய்கிறது. அந்தச் சாய்வைப் பிடித்து நிறுத்தும் தசை இழுபடும் இடம், கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு. கண்ணாடிப் பலகை உங்கள் இரண்டு பாதத்தையும் தட்டை என்றது, வலிப்பதோ ஒன்றுதான். இதைக் கடைக்காரர் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேண்டுகோள்: வாங்குவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். அதுவரை தூரத்தைப் பாதியாக்கிச் சமதளத்தில் ஓடுங்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு நாள் இடமாகச் சுற்றினால் மறுநாள் வலமாகச் சுற்றுங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானம் போனாலும் இதே கணக்குத்தான். ஒரே பக்கமாக வளைந்துகொண்டிருந்தால் ஒரு காலுக்கே சுமை. இரண்டு வாரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தால், உங்கள் காலைக் கெடுத்தது சாலைச் சரிவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஸ்டெபிலிட்டி ஷூ வீண் என்று நான் சொல்லவில்லை. தட்டைப்பாதம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம் என்கிறேன். ஓடும்போது பாதம் உள்நோக்கிச் சாய்வது நோய் அன்று. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள உடம்பு வைத்திருக்கும் வழி. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு, அப்படித் தாங்கும் அமைப்பு இல்லாத சாதாரண நியூட்ரல் ஷூவையே கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், பாதம் மிதமாக உள்ளே சாய்பவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. 2016-இல் லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 372 பேரிடம் நடத்திய சோதனை வேறு பக்கத்தைக் காட்டியது: பாதம் உள்ளே சாய்பவர்கள், சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூ அணிந்தபோது குறைவாகவே காயப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: அசையாமல் நிற்கும் பாதத்தின் படத்தை வைத்து ஷூவை முடிவு செய்ய முடியாது, சிலருக்கு இந்த ஷூ நிச்சயம் உதவும். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பதை ஓடும் காலிடம்தான் கேட்க வேண்டும்.

இனிக் கடைக்கு வருவோம். மாலையில் போங்கள். அதுவும் மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓடி முடித்து, ஓடும்போது அணியும் அதே சாக்ஸோடு போங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே இதில் தவறினேன். காலை பதினொன்றரை மணிக்கு, குளிரூட்டிய கடையில், ஓய்ந்திருந்த காலோடு ஒரு ஸ்டெபிலிட்டி ஷூவைப் போட்டுப் பார்த்தேன். உள்ளங்கை வைத்துத் தாங்கியது போல இருந்தது. உடனே வாங்கிவிட்டேன். மறுநாள் தெப்பக்குளத்தில் மூன்றாவது சுற்றில் உள்ளங்கால் வளைவுக்குக் கீழே ஒரு கூழாங்கல் இருப்பது போல் உறுத்தத் தொடங்கியது. நின்று கழற்றி உதறினேன்; உள்ளே ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோது வளைவின் ஓரத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். நாள் முழுவதும் நின்று நடந்த கால், வெயிலில் ஓடிய கால், சற்று வீங்கும். களைப்பில் வளைவும் கொஞ்சம் இறங்கும். ஷூவுக்குள் வளைவைத் தாங்க வைத்த மேடு காலையில் இதமாக இருக்கும்; அதே மேடு இறங்கிய வளைவில் குத்தும். ஸ்டெபிலிட்டி ஷூவின் உதவி அதிகம் தேவைப்படுவதே கெண்டைக்காலும் இடுப்பும் களைத்த பிறகுதான். அதைப் புத்துணர்ச்சியான காலில் சோதித்து என்ன பயன்?

போட்டுப் பார்க்கும்முன் ஷூவைக் கையில் எடுங்கள். சோலின் பக்கவாட்டில், குதிகாலுக்கும் வளைவுக்கும் இடையே, வெளிப்பக்க நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு உள்பக்கத்தை அழுத்துங்கள். பழைய முறையில் செய்த ஷூவில் உள்பக்கம் கெட்டியாக இருக்கும். பெரும்பாலும் சாம்பல் நிறத்திலேயே தெரியும். இப்போது பல நிறுவனங்கள் இதை மாற்றிவிட்டன. 1993-இல் முதலில் வெளிவந்த அசிக்ஸ் நிறுவனத்தின் ஜெல் கயானோ என்ற ஸ்டெபிலிட்டி ஷூவின் முப்பதாம் பதிப்பு 2023-இல் வந்தபோது அந்தக் கெட்டி நுரை இல்லை. அடிப்பாகத்தை அகலமாக்கி, வளைவுக்குக் கீழே மென்மையான நுரை ஒன்றை வைத்திருந்தார்கள். புரூக்ஸ் நிறுவனம் குதிகாலின் இரு பக்கமும் வரப்பு போல நுரையை உயர்த்தி வைக்கிறது. எனவே கட்டைவிரலுக்குக் கெட்டியாகப் படவில்லை என்பதற்காகத் தாங்காது என்று ஒதுக்கிவிட வேண்டாம். குதிகாலைச் சுற்றியுள்ள கிண்ணம் மட்டும் விரலால் நசுக்கினால் மடங்காமல் நிற்க வேண்டும்.

அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பெரிய பாதத்துக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் விளிம்பைத் தாண்டி வெளியே வழிந்தால், அதே ஷூவில் அகலமான வகை கேளுங்கள். ஒரு எண் கூட்டி வாங்கினால் குதிகால் வழுக்கும்.

இப்போது போட்டுக்கொண்டு நில்லுங்கள். வளைவுக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று தனியாகத் தெரிகிறதா? தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். "பழகினால் சரியாகிவிடும்" என்பார்கள். மேல்துணி பழகும், நுரையின் மேடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். நல்ல தாங்கல் என்பது நீங்கள் மறந்துவிடும் தாங்கல்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. இடது காலில் ஸ்டெபிலிட்டி ஷூ, வலது காலில் அதே அளவில் ஒரு நியூட்ரல் ஷூ. கூட வந்தவரிடம் கைபேசியைக் கொடுத்து, முன்பக்கமிருந்து முழங்கால் உயரத்தில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் நின்று, முழங்காலைச் சிறிது மடக்கிப் பத்துத் தடவை எழுந்திருங்கள். மற்றக் காலிலும் செய்யுங்கள். பிறகு ஷூக்களை மாற்றிக்கொண்டு திரும்பவும் செய்யுங்கள். வலிக்கும் இடது காலை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்: முழங்கால் சில்லு இரண்டாவது விரலுக்கு நேராக இறங்குகிறதா, பெருவிரலைத் தாண்டி உள்ளே விழுகிறதா? ஸ்டெபிலிட்டி ஷூவில் கண்ணுக்குத் தெரியும்படி நேராகிறது என்றால், காசுக்கு வேலை நடக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி உள்ளே விழுந்தால் பலவீனம் இடுப்பில் இருக்கிறது. அதை எந்த ஷூவும் தாங்காது. கெண்டைக்காலின் பலத்தை அறிய, வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்கிப் பாருங்கள். தொடர்ந்து இருபது வரவில்லை என்றால், பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னால் இந்தப் பயிற்சிதான் உங்களுக்கு மருந்து.

கடைசியாக, கடைக்கு வெளியே நூறு மீட்டராவது மெல்ல ஓட அனுமதி கேளுங்கள். தரைவிரிப்பில் எல்லா ஷூவும் பஞ்சுதான். ஓடவிட மறுக்கும் கடையில் இந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன். படி இருந்தால் இறங்குங்கள். குதிகால் தூக்கிக்கொண்டு வந்தால், மேலே காலியாக இருக்கும் கடைசித் துளையிலும் லேஸைக் கோத்து இறுக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ சர்க்கரை நோய் இருந்தால் ஒரு சொல். பல ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அப்போது "இதமாக இருக்கிறது" என்ற பதிலை நம்பக் கூடாது. இருபது நிமிடம் வீட்டுக்குள் நடந்துவிட்டுக் கழற்றி, பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த தடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால் அந்த ஷூ புண்ணாக்கும்.

வாங்கிய பிறகு முதல் இரண்டு நாள் கூடத்துத் தரையிலேயே நடங்கள். சோல் அழுக்காகாமல் இருந்தால் மாற்றித் தரக் கேட்கவாவது முடியும். முதல் மூன்று வாரம் பழைய ஷூவோடு ஒன்றுவிட்டு ஒரு நாளாக அணியுங்கள். வலியை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். கணைக்கால் வலி குறைந்து, முழங்காலின் வெளிப்பக்கத்திலோ கணுக்காலின் வெளிப்பக்கத்திலோ புதிய வலி தொடங்கினால், ஷூ உங்கள் பாதத்தை அளவுக்கு மேல் தள்ளுகிறது, நிறுத்திவிடுங்கள். மதுரை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஷூவை விட்டுவைக்காதீர்கள். அந்தச் சூட்டில் நுரையும் பசையும் கெடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இடது கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். விரல்நுனி அளவு ஓரிடத்தில் மட்டும் சுரீர் என்றாலோ, இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலோ, அந்தக் காலால் நொண்டியடிக்க முடியாவிட்டாலோ, ஓட்டத்தையும் ஷூ தேடுவதையும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.