மழைக்காலக் கைவேலை: தையல் ரீச்சர் பதில்கள்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்தால் முக்கால்வாசியும் ஒரே சங்கதி. நத்தார் வருகிறது, பின்னாலேயே புதுவருடம், அது முடியப் பொங்கல். பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், காசுதான் இல்லை, வீட்டிலேயே எதையாவது செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் யூடியூப்பைப் பார்த்துவிட்டு ஆயிரம் ரூபாய்க்கு மினுக்குத் தூளும் பசையும் வாங்கிவந்து உட்காராதீர்கள். அந்தக் காசுக்குக் கடையில் ரெடிமேட் சாமானே கிடைக்கும். இன்னொரு விஷயம், அந்தக் காணொளி எடுப்பவர்கள் யாரும் மார்கழியில் மட்டக்களப்பில் இருப்பதில்லை. இங்கே இந்த நாட்களில் பசை காயாது, பெயின்ற் காயாது, தோய்த்துப் போட்ட துவாய்கூடக் காயாது. ஆரையம்பதியில் என் வீட்டு அடுப்படியில் மூன்று நாளாக ஒரு சட்டி காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் கதை இரண்டாவது பதிலில்.

வீட்டு வாசலில் தொங்கவிட ஒரு நட்சத்திரக் கூடு வேண்டுமென்று மூன்று பிள்ளைகளும் நச்சரிக்கிறார்கள். கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். போன வருடம் டிசுத் தாளில் செய்தது ஒரே மழையில் கரைந்துபோனது. என்ன செய்யலாம்? (ஒரு தாய், கல்லடி)

கரைந்ததோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள் மகள். எங்கள் வீட்டில் ஒருமுறை சிவப்புத் தாளின் சாயம் புதிதாக வெள்ளையடித்த சுவரில் வழிந்து, பொங்கலுக்கு அண்ணன் மறுபடி சுண்ணாம்பு கரைக்க வேண்டி வந்தது.

கூட்டின் சட்டம் சுலபம். மூன்று அடி நீளத்தில் பத்து மூங்கில் சலாகை. பாதிச் சுண்டுவிரல் அகலத்துக்குச் சீவி, வளைத்தால் வளைய வேண்டும், முறியக் கூடாது. பச்சை மூங்கில் வேண்டாம், காயும்போது கோணும். ஐந்து சலாகையை, பேனாவை எடுக்காமல் நட்சத்திரம் கீறுவோமே, அந்த ஒழுங்கில் நிலத்தில் அடுக்குங்கள். சலாகைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று பாய் இழைப்பதுபோல் போக வேண்டும். அப்போதுதான் தூக்கினாலும் குலையாது. ஐந்து முனைகளிலும் உடனே நூல் கட்டாதீர்கள். முதலில் இறப்பர் பட்டி போட்டு, கால்கள் சமமாக வரும்வரை இழுத்துச் சரிசெய்துவிட்டு அப்புறம் கட்டுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் பாதி நேரம் மிச்சம்.

இதேபோல் இரண்டாவது நட்சத்திரம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே சலாகைகள் வெட்டும் ஐந்து மூலைகளிலும் ஏழெட்டு அங்குலக் குச்சி ஒவ்வொன்று குறுக்கே கொடுத்தால் வயிறு தள்ளிக்கொண்டு கூடு எழும்பும். பிள்ளைகள் கை தட்டுவது இந்த இடத்தில்தான். அந்த ஐந்து குச்சியையும் அவர்களையே வைக்கச் சொல்லுங்கள்.

இனி மூடுவது. தாளால் ஒட்டுவதென்றால் முன்னால் ஐந்து முக்கோணம், ஒரு ஐங்கோணம்; பின்னாலும் அதே; பக்கவாட்டில் ஒடுங்கிய முக்கோணம் பத்து. ஆக 22 துண்டு வெட்டி ஒட்ட வேண்டும், அதுவும் காயாத காலத்தில். நான் தாளை விட்டுப் பல வருடமாகிறது. பெட்டிக்குள் ஒரு பழைய வொயில் சாரி இருக்கும், முந்தானை கிழிந்து, வீசவும் மனமில்லாமல். அதை விரித்து, மேலே கூட்டை வைத்து, சுற்றி ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். விளிம்பைச் சலாகையோடு சேர்த்து ஓட்டுத்தையல் போடுங்கள். பக்கங்களுக்கு நீளப் பட்டி போதும். பின்பக்க ஐங்கோணத்தைத் திறந்தே விடுங்கள், மின்குமிழ் வைக்கக் கை போக வேண்டும். தைத்து முடிந்ததும் சோறு வடித்த கஞ்சியைத் துணியால் தொட்டுப் பூசி, ஒரு இரவு விறாந்தையில் வையுங்கள். காய்ந்ததும் மேளத் தோல்போல இறுகி நிற்கும். நத்தார் முடிந்ததும் துணியைக் கழற்றித் தோய்த்து மடித்தால் அடுத்த வருடத்துக்கும் அதுவே.

எல்ஈடி குமிழ் மட்டும் போடுங்கள். பழைய குண்டு பல்ப் சுடும், துணியைக் கருக்கும். மெழுகுதிரி என்ற பேச்சே வேண்டாம். வயர் பொருத்து கூரைக்குள்ளேயே இருக்கட்டும், தாவாரத்து நீர் படும் இடத்தில் வேண்டாம்.

வாரம் ஒரு சட்டி தயிர் வாங்கும் வீடு எங்களுடையது. கிணற்றடியில் பதினொரு தயிர்ச்சட்டி கிடக்கிறது. மகளின் வகுப்பு ரீச்சர் நத்தார் கொண்டாடுபவர். இந்தச் சட்டியில் ஏதாவது செய்து கொடுத்தால் நன்றாக இருக்குமா, குறைவாக நினைப்பாவா? (ஒரு உம்மா, காத்தான்குடி)

கேள்வியைப் படித்ததும் என் கிணற்றடியையும் எட்டிப் பார்த்துக்கொண்டேன். அங்கே ஒன்பது. எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் சட்டி சேராத வீடு ஏது? நானும் ரீச்சராக இருந்தவள்தான். பேனாவும் குவளையும் அலுமாரி நிறையக் கிடந்தன. செடியோடு ஒரு சட்டி வந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

சட்டியை நீரில் அலசிவிட்டு உடனே பெயின்ற் பூசினால் ஒரு கிழமையில் செதில் செதிலாக உரியும். குற்றம் பெயின்றில் இல்லை. பாலின் நெய் மண்ணுக்குள் ஊறிப்போயிருக்கிறது. கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டுச் சட்டியை ஒரு இரவு அமிழ்த்தி வையுங்கள். காலையில் தும்பால் தேய்த்துக் கழுவி, மணந்து பாருங்கள். புளிப்பு மணம் மிச்சமிருந்தால் இன்னொரு இரவு. பிறகு காயவைப்பது. வெயில் காலத்தில் ஒரு நாள் போதும், இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று நாள். என் சட்டி இன்றைக்குத்தான் வெளிறி வந்திருக்கிறது.

செடி வைக்க அடியில் துளை வேண்டும். நன்றாக ஊறிய சட்டியை ஈர மணல் குவியல்மேல் கவிழ்த்து, கொங்கிரீட் ஆணியின் முனையை வைத்துக் கையால் மெல்லத் திருகுங்கள். நீர் சொட்டிச் சொட்டிப் பத்து நிமிடம் திருகினால் துளை விழும். சுத்தியல் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், இரண்டு சட்டி போயிற்று. துளையைப் போட்டுவிட்டுத்தான் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி மூன்று நாள்.

நிறத்துக்குக் கடைப் பெயின்ற் தேவையில்லை. சுண்ணாம்பு வெள்ளையில் காவிப் பட்டை இழுத்தாலே சட்டி எழும்பிவிடும். உங்கள் மகள் வாவி மீனோ ஓலைக்கிளியோ எதைக் கீறினாலும் திருத்தப் போகாதீர்கள். தயிர்ச்சட்டி அகலம், ஆழமில்லை. ஆகவே றோசா வைத்துச் சாகடிக்க வேண்டாம். கற்பூரவள்ளிக் கொப்பு ஒரு சாண் நீளத்தில் மூன்று, அல்லது பொன்னாங்காணித் தண்டு ஐந்தாறு. இந்த மழைக்கு இரண்டு மூன்று கிழமையில் வேர் பிடித்துவிடும், அதனால் இன்றைக்கே நடுங்கள். தடிமனுக்குக் கற்பூரவள்ளி ஆகும் என்பது ரீச்சர்மாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை.

பெயின்ற் பூசிய சட்டியில் மறுபடி சாப்பாடு வைக்க வேண்டாம்.

பனையோலைப் பெட்டி எனக்கு நன்றாக இழைக்க வரும். அதில் தொதல் வைத்துக் கொடுக்க ஆசை. ஆனால் மழைக்காலத்தில் இழைத்தால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. (ஒரு வாசகி, தம்பிலுவில்)

இழைக்கத் தெரிந்த உங்களுக்கு நான் என்ன சொல்ல? பெட்டியில் பிழையில்லை, மூடியில்தான். ஓலை ஒடியாமல் இருக்க நனைத்து வார்ந்து இழைக்கிறோம், விளிம்பு பொத்தி முடித்த கையோடு மூடியைப் போட்டு அழகு பார்க்கிறோம். உள்ளே ஈரம் அடைபட்டுப் போகிறது. பெட்டியையும் மூடியையும் தனித்தனியே அடுப்புக்கு மேலே கயிற்றில் ஒரு கிழமை தொங்கவிடுங்கள். ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்ததை வினாகிரி தொட்ட துணியால் துடைத்து அதேபோல் காயவிடலாம், ஆனால் அதில் தின்பண்டம் வேண்டாம், ஊசி நூல் வைக்கக் கொடுங்கள். சாயம் போடுவதாக இருந்தால் ஓலையைச் சாயத்தில் அவித்துவிட்டு இழைக்க வேண்டும், இழைத்தபின் பூசினால் கையில் ஒட்டும்.

தொதல் எண்ணெய் கக்கும். தணலில் வாட்டிய வாழையிலையை உள்ளே விரித்து வையுங்கள், ஓலையும் கறைபடாது, திறக்கும்போது மணமும் வரும். அந்த மணத்துக்கு எந்தக் கடைப் பெட்டியும் கிட்ட வராது.

தேங்காய்ச் சிரட்டையில் மெழுகு ஊற்றி மெழுகுதிரி செய்வதைக் காணொளியில் பார்த்தேன். செய்யலாமா? (ஒரு மாணவி, செங்கலடி)

வேண்டாம். அடுப்பு மூட்ட நாம் எதை வைக்கிறோம்? சிரட்டையை. ஆசைக்கு இன்னொரு வழி: ஒரு பேசினில் ஈர மணலை அழுத்தி நிரப்பி, கிண்ணத்தால் குழி பதித்து, நடுவில் திரியை நிறுத்தி மெழுகை ஊற்றுங்கள். ஆறியபின் எடுத்தால் மணல் ஒட்டிய மெழுகுக் கிண்ணம். சேர்த்து வைத்த மெழுகுத் துண்டுகளே போதும். உருக்கும்போது பேணியை நேரே நெருப்பில் வைக்காமல் கொதிநீர்ச் சட்டிக்குள் வைக்க வேண்டும், அம்மாவும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பாசிக்குடாவில் பொறுக்கிய பவளத் துண்டுகளை ஒட்டிப் படச்சட்டம் செய்யலாமா? (ஒரு வாசகர், வாழைச்சேனை)

பவளத்தைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிடுங்கள், நாட்டுச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. உயிரில்லாத சிப்பி என்றால் அவித்துக் கழுவி ஒட்டலாம். அவிக்காவிட்டால் மூன்றாம் நாள் வீட்டில் யாரும் இருக்க முடியாது.

மருதமுனைக் கைத்தறிச் சாறன் துண்டுகள் தையற்காரர் ஒருவரிடம் சும்மா கிடைத்தன. என்ன தைக்கலாம்? (ஒரு வாசகி, கல்முனை)

சட்டி பிடிக்கும் துணி. எட்டு அங்குலச் சதுரம் இரண்டு, நடுவில் பழைய துவாய் இரண்டு மடிப்பு, குறுக்கும் நெடுக்கும் தையல், மூலையில் தொங்கவிட ஒரு வளையம். நைலோன் கலந்த துண்டைச் சேர்க்காதீர்கள், சூட்டுக்கு உருகிக் கையில் ஒட்டும். சந்தேகமென்றால் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், நைலோன் உருண்டையாகத் திரளும். வெட்டுமுன் ஒருமுறை தோய்த்து, ஈர வெள்ளைத் துணியால் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். உப்பு நீரில் போட்டால் சாயம் நிற்கும் என்பதை முப்பது வருடம் வகுப்பில் நானும் சொல்லிக்கொடுத்தேன். நிற்காது. என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

எனக்கு 17 வயது. அம்மாவுக்குப் புதுவருடத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். கையில் 200 ரூபாய். எனக்குக் கைவேலை எதுவும் வராது. (ஒரு மாணவன், களுவாஞ்சிக்குடி)

மகன், எழுத வருமல்லவா? ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். அம்மா பலகாரம் சுடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவ சொல்வதை அவ வாயில் வரும் சொல்லிலேயே எழுதுங்கள். இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. "அரிசிமா ரெண்டு சுண்டு" என்பா, அது சரி. "சீனி ஒரு கை, தேங்காய்ப்பால் பதத்துக்கு" என்பா. அந்தக் கையை நிறுத்தி, கரண்டியில் அளந்து எழுத வேண்டும். பதம் என்றால் என்ன என்று கேட்டு, விரலில் ஒட்டுமா ஒட்டாதா என்பதுவரை குறிக்க வேண்டும். ஏச்சு விழும், பரவாயில்லை. எண்ணெய்க்கறை படிந்த அந்தக் கொப்பிக்குச் சாறன் துண்டில் ஒரு உறை போடுங்கள், தைக்க வராவிட்டால் ஒட்டுங்கள். என் அம்மா செய்த பயற்றுருண்டையின் அளவு எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டுவிட்டேன்.

கையால் செய்து கொடுத்தால் எங்கள் சொந்தக்காரர் முகம் சுளிக்கிறார்கள். "காசு மிச்சம் பிடிக்கிறாள்" என்று ஒரு மாமி காதுபடவே சொன்னா. (ஒரு வாசகி, அக்கரைப்பற்று)

சொல்லுவார்கள். நான் ஒரு மாதம் கண் வலிக்கப் பூவேலை செய்து கொடுத்த மேசைவிரிப்பை, மச்சாள் வீட்டில் ரிவிக்கு மழைத்தூவானம் படாமல் மூடக் கண்டேன். அன்றைக்குக் கோபம், இப்போது சிரிப்பு, நடுவில் ஆறு வருடம். எல்லோருக்கும் கையால்தான் செய்ய வேண்டும் என்று சட்டமில்லை தங்கச்சி. செய்ததை வைத்துப் புழங்குகிற நாலு வீட்டைத் தெரிந்தெடுத்து அவர்களுக்குச் செய்யுங்கள். அந்த மாமிக்குக் கடையில் சவர்க்காரப் பெட்டி ஒன்று வாங்கி, மினுக்குத் தாளில் சுற்றி, விலைத்துண்டை எடுக்க மறந்ததுபோல் விட்டுவிடுங்கள். என் மச்சாளுக்கு இந்த வருடம் அதுதான்.

(பொங்கலுக்கு நெற்கதிர்த் தோரணம் கட்டுவது பற்றிக் கேட்ட ஐந்து பேருக்கும் அடுத்த இதழில் பதில். கதிரை அதற்குள் கேட்டு வையுங்கள், அறுவடை தொடங்கிவிட்டால் வயல்காரர் யாரும் கையில் அகப்பட மாட்டார்கள்.)