வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் திக்காமல் ஓட என்ன செய்வது? புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகிவிடுமா?

கேள்வி கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: ரைசன் 5 3600 பிராசஸர், 16 ஜிபி ராம், 6 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 1080பி மானிட்டர். ஓட்டுவது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020. முப்பதாயிரம் அடி உயரத்தில் பிரச்சினை இல்லை. பெரிய நகரத்தின் விமான நிலையத்தில் இறங்கும்போது மட்டும் படம் திக்கித் திக்கி நகர்கிறது.

புது கார்டு வாங்கினால் அந்தத் திக்கல் போகாது. இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இதே பிராசஸரை வைத்துக்கொண்டு 2022இல் நானும் முதலில் கார்டைத்தான் மாற்றினேன். ஒரு வருடம் சேர்த்த பணத்தில் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கி மாட்டிய அன்றைக்கே, லண்டன் ஹீத்ரோவின் 27 ரைட் ஓடுபாதையில் ஃப்ளைபைவயர் குழு செய்த இலவச ஏ320 விமானத்தை இறக்கிப் பார்த்தேன். பழைய கார்டில் 24, 25 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம், அதாவது ஃப்ரேம், வருகிறது என்ற எண்ணிக்கை) வந்த இடம் அது. புதுக் கார்டில் 26 வந்தது. மேகங்கள் அழகாகியிருந்தன, காக்பிட் எழுத்துகள் கூர்மையாகியிருந்தன. ஆனால் நகரத்தின் மேல் தாழப் பறக்கும்போது வரும் திக்கல் அப்படியே இருந்தது. அன்று ராத்திரி மனசு எவ்வளவு கனத்துப்போனது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

பெரும்பாலான விளையாட்டுகளில் சுமை கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும். சிமுலேட்டரின் கதை வேறு. இறக்கையைக் காற்று எப்படித் தூக்குகிறது, எஞ்சின், ஹைட்ராலிக், ஆட்டோபைலட், காக்பிட் திரைகள், வானிலை, சுற்றிலும் பறக்கும் மற்ற விமானங்கள், கீழே எந்தக் கட்டடத்தை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற கணக்கு, இத்தனையும் பிராசஸரின் வேலை. அதிலும் பெரும்பகுதி மெயின் த்ரெட் என்ற ஒரே வரிசையில், ஒன்று முடிந்து அடுத்தது என்று நடக்கிறது. அது முடிந்தால்தான் அடுத்த ஃப்ரேமை வரையச் சொல்லி கார்டுக்குத் தகவல் போகும். பந்தியில் பரிமாறப் பத்துப் பேர் நின்றாலும் சோறு வேகும் அடுப்பு ஒன்றுதான் என்றால் இலைகள் காத்துக்கிடக்கும். பதினோராவது ஆளைக் கூட்டி வந்து பயனில்லை.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 30, 35 சதவீதம்தான் ஓடுகிறது, அது சும்மா இருக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 3600இல் 6 கோர், 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை வரிசைகள் ஓடும். ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். நெருக்கடி அந்த ஒன்றில் இருக்கும்போது மொத்தச் சதவீதம் எதையும் காட்டாது.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர்ஸ் பகுதிக்குப் போய் டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். மேலே ஒரு மெனு வரும். அதில் டீபக் என்ற இடத்தில் எஃப்பிஎஸ் காட்டும் வசதி உண்டு. அந்தச் சின்னப் பெட்டியே ‘லிமிடெட் பை மெயின் த்ரெட்’ அல்லது ‘லிமிடெட் பை ஜிபியு’ என்று எழுதிக் காட்டும். இன்னும் சந்தேகம் இருந்தால், திக்கும் இடத்தில் நின்றுகொண்டு ரெண்டர் ஸ்கேலிங்கை (படத்தை எத்தனை புள்ளிகளில் வரைவது என்ற அளவு) 100இலிருந்து 60க்கு இறக்குங்கள். கார்டின் வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அப்படியும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் கார்டு குற்றவாளி இல்லை. இதை எப்போதும் ஒரே விமானம், ஒரே ஓடுபாதை, ஒரே வானிலை வைத்துச் செய்து, எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் பயன்படுத்துவது அதே ஹீத்ரோ 27 ரைட், காலை 10 மணி, தெளிவான வானம்.

அப்புறம், அதிகம் காசு செலவில்லாத விஷயங்கள். முதலாவது ராம். எனக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தந்த கடையில் 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டிருந்தார்கள், அதுவும் 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் நான் கவனிக்கவே இல்லை. ராமை ஜோடியாகப் போட்டால்தான் இரண்டு பாதையிலும் தரவு போகும். சிமுலேட்டர் பிராசஸரை ராமுக்காக அடிக்கடி காக்க வைப்பதால் இந்த வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகமும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் பாருங்கள். 3600 பிராசஸர் 3200 வரை அதிகாரபூர்வமாகத் தாங்கும். உங்கள் குச்சியின் மேல் 3200 என்று எழுதியிருந்தும் 2133 அல்லது 2400 காட்டினால், பயாஸில் (கணினி தொடங்கும்போது போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் வசதி, ஆன் செய்யப்படவில்லை என்று அர்த்தம் (ஆசுஸ் போர்டில் அதன் பெயர் டிஓசிபி). நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சிகளைப் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். இதை மட்டும் சரிசெய்ததில் என் 26, 30 ஆனது. கார்டுக்குக் கொட்டிய பணம் தராததை ஒரு ராம் ஜோடி தந்தது.

இரண்டாவது வெப்பம். என் அறை திருச்சியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. கத்திரி வெயிலில் மதியம் ஓட்டினால் பிராசஸர் 92, 93 டிகிரிக்குப் போகும். 3600க்கு உச்ச வரம்பு 95. அந்த வரம்பைத் தொடுவதற்கு முன்பே அது தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடியது மதியம் திணறினால் இதுதான் காரணம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஹீட்சிங்க் இடுக்கில் அடைந்திருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். 78 டிகிரிக்கு இறங்கியது. நம் ஊர்ப் புழுதிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யத்தான் வேண்டும். கேபினெட்டை சுவரோடு ஒட்டி மேஜைக்கு அடியில் செருகி வைத்திருந்தால் அதையும் ஒரு சாண் வெளியே இழுங்கள்.

சரி, செட்டிங்ஸுக்கு வருவோம். லோ, மீடியம், ஹை என்று மொத்தமாக மாற்றுவதால் பாதி இடத்தில் தேவையில்லாமல் அழகை இழக்கிறோம். மெயின் த்ரெட் நெருக்கடி உள்ளவருக்கு உதவுவது நான்கைந்து ஸ்லைடர்கள்தான். எல்லாவற்றுக்கும் மேலே டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல். எவ்வளவு தூரம் வரை நிலத்தையும் கட்டடங்களையும் நுணுக்கமாக வைத்திருப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும். அதனால்தான் 100க்கும் 200க்கும் இடையில் இவ்வளவு பெரிய வித்தியாசம். பெரிய நகரங்களில் இறங்கும்போது 100 போதும், திணறினால் 75 வையுங்கள். காட்டு மலைகளின் மேல் சின்ன செஸ்னாவில் சுற்றும்போது 200க்கு ஏற்றிக்கொள்ளலாம், அங்கே அடர்த்தியான கட்டடங்கள் கிடையாது. ஆப்ஜெக்ட்ஸ் லெவலும் 100இல் இருக்கட்டும். கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட்டை மீடியத்துக்கு இறக்குங்கள். ஏ320 மாதிரி ஆறு திரைகள் உள்ள விமானத்தில் இதன் பலன் உடனே தெரியும். ட்ராஃபிக் பகுதியில் விமான நிலைய வண்டிகள், நிறுத்தி வைத்த விமானங்கள், சாலை வாகனங்கள் எல்லாவற்றையும் 20க்குக் கீழே வையுங்கள். லண்டன், நியூயார்க் போன்ற ஊர்களில் போட்டோகிராமெட்ரியை (வான்வழிப் படங்களிலிருந்து உருவாக்கிய முப்பரிமாணக் கட்டடங்கள்) அணைத்தால் கட்டடங்கள் உண்மையான வடிவத்தை இழக்கும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, அதனால் லண்டனில் அதை வைத்துக்கொண்டு ட்ராஃபிக்கை விட்டுக்கொடுத்தேன்.

மேகம், ஆம்பியன்ட் ஆக்லூஷன் (மூலை இடுக்குகளில் விழும் நிழல்), ரிஃப்ளெக்‌ஷன், ரெண்டர் ஸ்கேலிங் எல்லாம் கார்டின் கணக்கு. உங்கள் நெருக்கடி பிராசஸரில் என்றால் இவற்றைக் குறைத்துத் திக்கலைத் தீர்க்க முடியாது. மேகத்தை ஹையில் வைத்து ரசியுங்கள். டெக்ஸ்ச்சர் ரெசல்யூஷன் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களின் நுணுக்கம்) மட்டும் விதிவிலக்கு: 6 ஜிபி கார்டில் அல்ட்ரா வைத்தால் நினைவகம் நிரம்பி, மீதி மெதுவான கணினி ராமுக்கு வழியும், அப்போது வரும் திக்கல் அரை நொடிக்கு நீளும். ஹை அல்லது மீடியம் வையுங்கள்.

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது அடுத்தது. எஃப்பிஎஸ் எண்ணைத் துரத்தாதீர்கள், சீரான ஓட்டத்தைத் தேடுங்கள். ஏ320 மூன்று டிகிரி சரிவில், 140 நாட் வேகத்தில் வரும்போது நொடிக்கு ஏறக்குறைய 12 அடி இறங்குகிறது. மூக்கைத் தூக்கத் தொடங்குவது தரையிலிருந்து 30 அடியில். அதாவது உங்கள் கையில் இருப்பது இரண்டரை நொடி. அதில் ஒரு அரை நொடி படம் உறைந்தால் 6 அடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சக்கரம் தரையில் மோதிய பிறகுதான் தெரியும். சராசரி 45 என்று காட்டிக்கொண்டு இடையிடையே உறையும் கணினியைவிட, அசையாமல் 30 தரும் கணினியில் நன்றாக இறக்கலாம். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் வி-சிங்க் (படம் வருவதை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வசதி) போட்டு 30இல் பூட்டுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 33 மில்லி நொடி கிடைக்கும், மெயின் த்ரெட்டுக்கு மூச்சுவிட இடம் இருக்கும், கணினியும் குளிர்ச்சியாக இருக்கும். சண்டை விளையாட்டுக்கு 30 போதாது. பயணிகள் விமானத்துக்குத் தாராளமாகப் போதும்.

வெளியிலிருந்து இறக்கிய கூடுதல் விமானங்களும் சினரிகளும் (நிலக்காட்சிகள்) இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரையும் ஒருமுறை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். இலவசமாக இறக்கிப் போட்ட சினரிகளில் ஏதோ ஒன்று மொத்தத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கலாம். திக்கல் போய்விட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக் கண்டுபிடியுங்கள். இணையத்தையும் மறந்துவிடக்கூடாது. நிலத்தின் படங்கள் பிங் மேப்ஸிலிருந்து பறக்கும்போதே இறங்குகின்றன. மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பது 20 எம்பிபிஎஸ். வீட்டில் யாராவது படம் பார்க்கும் நேரத்தில் மட்டும் திக்கினால் காரணம் அங்கே இருக்கலாம். ரோலிங் கேஷை (இறங்கிய நிலப் படங்களைச் சேமித்து வைக்கும் கோப்பு) எஸ்எஸ்டியில் வையுங்கள். சிமுலேட்டரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் உடனே எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும், விலை உயர்ந்தது வாங்கினால் எஃப்பிஎஸ் ஏறாது.

வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் பூஸ்டர் மென்பொருள் எதையும் போடாதீர்கள். விண்டோஸின் பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) அணைக்கச் சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். 16 ஜிபி ராமில் அதை அணைத்தால் சிமுலேட்டர் நடுவானில் மூடிக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் பணம் செலவழிக்க மனம் இருந்தால், முதலில் ராமை 32 ஜிபி ஆக்குங்கள், 16 ஜிபி குச்சி இரண்டு. அதற்கு அடுத்தது பிராசஸர். உங்கள் 3600 உட்காரும் ஏஎம்4 வகை போர்டின் பெரிய வரம் என்னவென்றால் அதே போர்டில் எக்ஸ்3டி வகை பிராசஸரை உட்கார வைக்கலாம். உங்கள் 3600இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி. 2022இல் வந்த 5800எக்ஸ்3டியிலும் 2024இல் வந்த 5700எக்ஸ்3டியிலும் அது 96 எம்பி. மெயின் த்ரெட்டுக்குத் தேவையான தரவு பக்கத்திலேயே இருப்பதால் ராமுக்காகக் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைகிறது. வேறு பல விளையாட்டுகளைவிட ஃப்ளைட் சிமுலேட்டரில் இதன் பலன் அதிகம். நான் 5700எக்ஸ்3டி போட்டேன். ஹீத்ரோ 27 ரைட்டில் டெரெய்ன் 100 வைத்து 44 வருகிறது. அந்தச் சின்னப் பெட்டியில் முதல்முறையாக ‘லிமிடெட் பை ஜிபியு’ என்று வந்ததும் அப்போதுதான். உங்களுக்கும் அப்படி வரும் நாளில் கார்டைப் பற்றி யோசித்தால் போதும்.

பிராசஸரை மாற்றுவதற்கு முன் பழையது போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும், இல்லையென்றால் புதியதை போர்டு அடையாளம் காணாது. பயாஸ் ஏறிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டே கெட்டுவிடலாம். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், மழை இடி நாளில் வேண்டவே வேண்டாம். எக்ஸ்3டி வகை கொஞ்சம் சூடாக ஓடும், அதனால் 3600 கூட வந்த சின்ன கூலர் போதாது. டவர் வகை ஒன்றைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இன்றைக்கு முதலில் ராம் வேகத்தைப் பாருங்கள். எத்தனை குச்சி, எத்தனை வேகம், திக்கும் இடத்தில் அந்தப் பெட்டி என்ன சொல்கிறது, இந்த மூன்றையும் எனக்குச் சொல்லுங்கள். அடுத்து எதைத் தொடுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.