பொண்ணுக்கு கேமரா வாங்கித் தர்றதுக்கு முன்னாடி

அம்மா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணு காலேஜ்ல செமஸ்டருக்கு ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுத்துக் குடுக்கணும், டீம்ல யாருக்கும் கேமரா பத்தி ஒண்ணும் தெரியாது, நல்ல கேமராவா ஒண்ணு வாங்கிக் குடுத்தா கத்துக்குவாளா, இல்ல முதல்ல ஏதாவது கோர்ஸ்ல சேத்து விடணுமா, இதையெல்லாம் கத்துக்கிட்டா வேலை கெடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. கேமரா இப்ப வேண்டாம், கோர்ஸும் இப்ப வேண்டாம், கையில இருக்கற போனை வெச்சே அந்தப் படத்தை அவ எடுத்து முடிக்கட்டும். ஏன்னு சொல்றேன்.

போன் கேமராவை ஆட்டோ மோட்ல விட்டா அதுவா வெளிச்சத்தையும் கலரையும் மாத்திக்கிட்டே இருக்கும், நடிக்கறவங்க ஜன்னல் பக்கம் திரும்பினா மூஞ்சி இருட்டாயிடும். அதனால மேனுவல் கன்ட்ரோல், அதாவது எல்லாத்தையும் நம்ம கையால செட் பண்ற வசதி இருக்கற ஆப் ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க, பிளாக்மேஜிக் கேமரான்னு ஒண்ணு ஃப்ரீயாவே கெடைக்குது. செகண்டுக்கு 24 இல்லன்னா 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கற நேரம்) 1/50 செகண்ட், கலர் தானா மாறாம இருக்க ஒயிட் பேலன்ஸ் லாக், இந்த மூணையும் அவ கையால செட் பண்ணணும். கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ல வர்ற எடத்துல ட்யூப்லைட், மட்டமான எல்ஈடி எல்லாம் செகண்டுக்கு 100 தடவ மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது ஆனா ஷட்டர் அதோட ஒத்துப் போகலன்னா வீடியோவுல பட்டை பட்டையா ஓடும். 1/60ல எடுத்துப் பாரு, அப்புறம் 1/50ல எடுத்துப் பாருன்னு சொல்லுங்க, ஷட்டர்னா என்னன்னு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுடும். வெயில்ல எடுக்கறப்ப ஷட்டரை 1/50லயே வெச்சா எல்லாம் வெளுத்துப் போகும், அப்ப தான் லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் மாதிரி வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர் எதுக்குன்னு அவளே தேடிப் போவா. தேவை வந்து கத்துக்கறது மனசுல நிக்கும்மா.

ஆனா ஸ்டூடன்ட் படங்கள்ல பெரும்பாலும் சொதப்பறது படம் இல்ல, சவுண்டு. இதை நான் எல்லா பசங்க கிட்டயும் சொல்றேன், காதுல வாங்கறவங்க ரொம்பக் கம்மி. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா கூட ஜனங்க உக்காந்து பாப்பாங்க, பேசறது கேக்கலன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க. மைக் எவ்ளோ கிட்ட இருக்குங்கறது தான் முக்கியம், தூரம் ரெண்டு மடங்கானா குரல் சுமார் 6 டெசிபல் எறங்கிடும், ரூம் எக்கோ மட்டும் அப்படியே நிக்கும். காலர் மைக் இல்லையா, இன்னொரு போனை ஃப்ரேம்ல தெரியாம நடிக்கறவங்க பக்கத்துல வெச்சு அதுல ஆடியோ எடுக்கட்டும், ஷாட் ஆரம்பத்துல கேமரா முன்னாடி ஒரு தட்டு கை தட்டினா போதும், அந்த சத்தத்தை வெச்சு எடிட்ல படத்தையும் ஆடியோவையும் சேத்துடலாம். ரெக்கார்ட் பண்றப்ப மீட்டர்ல சவுண்டு லெவல் -12 டெசிபல் பக்கம் இருக்கணும், சத்தம் போட்டுப் பேசற எடத்துலயும் 0வைத் தொடவே கூடாது, தொட்டுட்டா அந்த டயலாக் கிழிஞ்சது கிழிஞ்சது தான், எந்த சாஃப்ட்வேராலயும் முழுசா சரி பண்ண முடியாது. ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கணும்.

அப்புறம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதப்ப ரூம்ல கேக்கற சத்தம். ரெண்டு பேர் பேசற சீன், ஒருத்தர் ஷாட் எடுக்கறப்ப ஃபேன் ஓடுது, இன்னொருத்தருக்கு யாரோ ஆஃப் பண்ணிட்டாங்க, எடிட்ல ஒட்டினா ஒவ்வொரு கட்டுக்கும் அந்த ஊஊன்னு சத்தம் வரும் போகும் வரும் போகும், பாக்கறவங்களுக்கு என்னன்னு சொல்லத் தெரியாது ஆனா படத்துல மனசு ஒட்டாது. அதனால ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு எடுக்கணும், சீன் முடிஞ்சதும் யாரும் அசையாம நின்னு ஒரு 30 செகண்ட் வெறும் ரூமை ரெக்கார்ட் பண்ணணும். எடிட்ல ஓட்டையை அடைக்க அது தான் கை குடுக்கும்.

ஃபைல் விஷயத்துல மட்டும் நீங்களே கொஞ்சம் கண்டிப்பா இருங்க. ஷூட்டிங் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே ரெண்டு தனித்தனி டிஸ்க்ல காப்பி போட்டு, ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துட்டு தான் கார்டையோ போனையோ அழிக்கணும். பெரிய செட்ல இதுக்குன்னே டிஐடின்னு ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்காருன்னா பாத்துக்கங்க.

எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷனே தாராளம், கட் பண்றது, கலர், சவுண்டு மூணும் அதுக்குள்ளயே இருக்கு. லேப்டாப் திணறினா உடனே புதுசு கேப்பா, முதல்ல ப்ராக்ஸி, அதாவது அதே வீடியோவோட லைட்டான காப்பி போட்டுப் பாக்கச் சொல்லுங்க.

வேலை விஷயத்துக்கு வரேன். டைரக்டர், கேமராமேன் ரெண்டு பேர் தான் வெளிய தெரியும், ஆனா ஒரு படத்துக்குள்ள ஃபோகஸ் மாத்தற ஃபோகஸ் புல்லர், சவுண்ட் ரெக்கார்டிஸ்ட், ஷாட்டுக்கு ஷாட் டிரஸ்ஸு பொருளெல்லாம் மாறாம கன்டின்யூட்டி பாக்கறவங்க, அசிஸ்டென்ட் எடிட்டர், கலர் சரி பண்ற கலரிஸ்ட்னு எத்தனையோ பேரு வேலை பாக்கறாங்க, இதே கைவேலை விளம்பரம், ஆன்லைன் வீடியோ, நியூஸ் சேனல் எல்லாத்துலயும் கேக்கறாங்க. நிலையான மாசச் சம்பளம் உடனே வந்துடும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன், நிறைய பேர் ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்டா தான் ஓட்டறாங்க, ஆரம்ப வருஷங்கள் கஷ்டம் தான். அதனால தான் இந்தப் படத்துல ஒரு நாள் சவுண்டு, ஒரு நாள் கேமரா, ஒரு நாள் கன்டின்யூட்டின்னு மாத்தி மாத்திப் பாக்கச் சொல்றேன். யாரும் சொல்லாமயே ராத்திரி உக்காந்து எந்த வேலையை நோண்டிக்கிட்டு இருக்கான்னு நீங்க கவனிங்க, கோர்ஸ் தேடறதா இருந்தா படம் முடிஞ்சப்புறம் அந்த வேலைக்குத் தேடுங்க. எடிட்டிங்ல கெட்டிக்காரியா வர்ற பொண்ணுக்கு ஒளிப்பதிவு கோர்ஸுக்கு பணம் கட்டிட்டு நிக்கக் கூடாது பாருங்க.

இப்பவே ஏதாவது வாங்கிக் குடுத்தா தான் உங்க மனசு ஆறும்னா ஒரு காலர் மைக், காதை நல்லா மூடற ஹெட்ஃபோன், ரெண்டு டிஸ்க், இதோட நிறுத்திக்கங்க. கேமரா வேணும்னே அடம் புடிச்சா காலேஜ்ல இருக்கான்னு கேக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஷூட்டிங் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்க, ஆனா முந்தின நாளே கைக்கு வர்ற மாதிரி எடுங்க, மெனு எங்க இருக்குன்னு செட்ல நின்னு தேடக் கூடாது.