தும்பைப்பூவ கிட்டத்துல புடிக்கிறது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரோட்டோரம் பூக்குற குட்டிக்குட்டி காட்டுப்பூவெல்லாம் போன்ல க்ளோஸப் எடுக்கப் பாக்குறேன், கிட்ட போனாலே மங்கலாயிடுது. போன மாத்தணுமா? (கல்லூரி மாணவி, திருவண்ணாமலை)

பதில்: மாத்தாதம்மா. எந்த லென்ஸுக்கும் இதுக்கு மேல கிட்ட வந்தா போகஸ் ஆகாதுன்னு ஒரு தூரம் இருக்கு, போனோட மெயின் கேமராவுக்கு அது அரைச் சாணோ ஒரு சாணோ, மாடலுக்கு மாடல் மாறும். அதையும் தாண்டி உள்ள போனா மங்கத்தான் செய்யும். கொஞ்சம் பின்னாடி வந்து 2எக்ஸ் ஜூம் வெச்சு எடு, அப்புறமா ஓரத்த க்ராப் பண்ணிக்கோ. 'மேக்ரோ'ன்னு, அதாவது ரொம்பக் கிட்ட எடுக்குறதுன்னு, அட்டைப்பெட்டியில போட்டு வித்த அந்த 2 மெகாபிக்சல் கேமரா உன் போன்ல இருந்தா அத மறந்துடு, அதுக்கு மெயின் கேமராவுல எடுத்து க்ராப் பண்றதே மேல். ஐபோன் 13 ப்ரோ மாதிரி போன்கள்ல அகலமா படம் புடிக்கிற அல்ட்ராவைட் கேமராவே 2 சென்டிமீட்டர் வரைக்கும் போகஸ் ஆகும், ஆனா அவ்ளோ பக்கத்துல போனா போனோட நிழலே பூ மேல விழுந்து தொலைக்கும்.

கேள்வி: போகஸ் சரியா விழுது, ஆனாலும் பாத்தா சாதா போட்டோ மாதிரியே இருக்கு. என்ன தப்பு பண்றேன்? (ஐடி ஊழியர், ஓசூர்)

பதில்: நின்னுக்கிட்டே எடுக்குறீங்க, வேற ஒண்ணும் இல்ல. மேலேருந்து எடுத்தா பூவுக்குப் பின்னாடி தெரியறது மண்ணு, சருகு, யாரோ போட்ட பான்பராக் கவரு, அதுவும் பூவுக்கு நாலு விரக்கடை தள்ளி இருக்குறதால எல்லாமே தெளிவா வந்து கண்ண இழுக்கும். தும்பைய எடுத்துக்கோங்க. முட்டி போட்டு, முடிஞ்சா படுத்து, பூ உயரத்துக்கே கேமராவ இறக்குங்க, அப்ப பின்னாடி இருக்குறது பத்தடி தள்ளி இருக்குற வேலியோ வயலோ ஆயிடும், அது கரைஞ்சு வெறும் பச்சையா நிக்கும், முன்னாடி பூ மட்டும். தும்பைக்கு மேல் உதடு குட்டியா முடி முடியா இருக்கும், கீழ் உதடு அகலமா விரிஞ்சு தொங்கும், இந்த வித்தியாசமே பக்கவாட்டுல பாத்தாத்தான் தெரியும், எறும்பு ஒண்ணு உள்ள போயிட்டு வந்துச்சுன்னா உங்க அதிர்ஷ்டம். நான் எப்பவும் பேக்ரவுண்ட முதல்ல பாத்துட்டு அப்புறம்தான் அதுக்கு ஏத்த பூவ தேடுவேன், அழகான பூவா இருந்தாலும் பின்னாடி கரண்ட் கம்பம் நின்னா விட்டுட்டு அடுத்த செடிக்குப் போயிடுவேன். படுக்கறதுக்கு முன்னாடி நெருஞ்சி இருக்கான்னு பாத்துக்கோங்க, அதோட மஞ்சப்பூ எவ்ளோ அழகோ முள்ளு அவ்ளோ மோசம்.

கேள்வி: பழைய டிஎஸ்எல்ஆரும் 18-55 லென்ஸும் இருக்கு. மேக்ரோ லென்ஸ் வாங்குற வசதி இல்ல. (ஓய்வு பெற்ற ஆசிரியர், தென்காசி)

பதில்: மொதல்ல இருக்குறத முழுசா பயன்படுத்துங்க சார். ஜூம 55ல வெச்சு, லென்ஸ் எவ்ளோ கிட்ட போகஸ் ஆகுதோ அவ்ளோ கிட்ட போங்க, கேமராவோட சேத்துத் தர்ற கிட் லென்ஸ் நிறைய 25, 28 சென்டிமீட்டர் வரைக்கும் வரும். அந்த தூரத்த லென்ஸ் நுனியிலேருந்து அளக்கக் கூடாது, கேமரா மேல வட்டத்துக்குள்ள ஒரு கோடு போட்ட குறி இருக்கும் பாருங்க, படம் பதியற சென்சார் இருக்குற இடம் அது, அங்கேருந்துதான் கணக்கு. ஆவாரம்பூ, எருக்கம்பூவுக்கெல்லாம் இதுவே போதும்.

விஷ்ணுகிராந்தி மாதிரி நகக்கண் அளவு பூவுக்குப் போகணும்னா எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்க. உள்ள கண்ணாடியே இல்லாத வெறும் குழாய்தான், லென்ஸ கேமராவுலேருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தும், அவ்வளவுதான் அதோட வேலை. 50 எம்எம் லென்ஸுக்குப் பின்னாடி 25 எம்எம் குழாய் போட்டா, லென்ஸோட போகஸ் இன்பினிட்டியில, அதாவது ரொம்ப தூரத்துக்கு வெச்சிருக்கும்போதே பூ சென்சார்ல நிஜ அளவுல பாதிக்கு விழும். லென்ஸ திருப்பி மாட்டுற ரிவர்ஸ் ரிங் இன்னும் சல்லிசு, ஆனா அதுக்கு அப்பர்ச்சர (வெளிச்சம் உள்ள போற ஓட்டைய) கையாலயே மாத்துற வளையம் உள்ள பழைய பிலிம் காலத்து லென்ஸ்தான் லாயக்கு, இப்போதைய லென்ஸ்ல அப்பர்ச்சர மாத்த முடியாம மாட்டிப்பீங்க. பெருசாக்கப் பெருசாக்க போகஸ்ல இருக்குற ஆழம் சுருங்கிடும், நிஜ அளவுக்கு எடுக்கும்போது அப்பர்ச்சர எஃப் 8க்கு சுருக்கி வெச்சாலும் ஒரு மில்லிமீட்டர் கூட தேறாது, அதனால மகரந்தத்துல போகஸ் வெச்சுட்டு இதழ் ஓரம் மங்கினா மங்கட்டும்னு விட்டுடுங்க.

கேள்வி: காத்து அடிச்சா என்ன பண்றது? (வாசகி, கரூர்)

பதில்: காத்து கிளம்புறதுக்கு முன்னாடி, காலங்காத்தால போயிடணும். விஷ்ணுகிராந்தியும் காலையில விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள மூடிக்கும், அதனால எப்படியும் சீக்கிரம் எந்திரிச்சுதான் ஆகணும். ஷட்டர் ஸ்பீட 500க்கு (ஒரு நொடியில ஐநூறுல ஒரு பங்கு) மேல ஏத்துங்க, ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்த உணர்ற அளவு) ஏறுதேன்னு பயப்படாதீங்க, கொஞ்சம் பொரிப்பொரியா வந்தாலும் பரவால்ல, ஆடிப்போன படத்த வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. பர்ஸ்ட்ல, அதாவது வரிசையா பல படம் எடுக்குற மோட்ல, அழுத்துங்க, காத்து நின்னு நின்னுதான் அடிக்கும், பூ ஆடி முடிச்சு திரும்புற அந்த ஒரு நொடியில ஏதாவது ஒண்ணு சிக்கும்.

கேள்வி: வெள்ளைப்பூ எடுத்தா இதழே தெரியாம வெளுத்துப் போயிடுது. (வாசகர், விருதுநகர்)

பதில்: எக்ஸ்போஷர, அதாவது படத்தோட வெளிச்சத்த, மைனஸ் பக்கம் முக்காலோ ஒண்ணோ இறக்குங்க. வெயில் உச்சிக்கு வந்துட்டா பூவுக்கும் சூரியனுக்கும் நடுவுல ஒரு டிரேசிங் பேப்பர புடிங்க, நிழலோட ஓரம் மெத்துன்னு ஆயிடும்.

கேள்வி: ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சு பனித்துளி மாதிரி எடுக்கலாமா? (மாணவர், சேலம்)

பதில்: எடுங்க. பனித்துளின்னு மட்டும் கேப்ஷன் போடாதீங்க.

கேள்வி: குறிஞ்சிப்பூ எடுக்க ஆசை. எப்ப போகணும்? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்குற நீலக்குறிஞ்சி மூணாறு பக்கம் 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030. அதுவரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்ல, குறிஞ்சியில நிறைய வகை இருக்கு, எல்லாத்துக்கும் கணக்கு ஒண்ணு இல்ல. மலைப்பாதையில செடிய மிதிச்சு ஏறாதீங்க, அது போதும்.

கேள்வி: எடுத்த பூவுக்கு பேர் கண்டுபுடிக்கிறது எப்படி? (வாசகர், அரியலூர்)

பதில்: பூவ மட்டும் எடுத்துட்டு வந்தீங்கன்னா சிரமம்தான். இலை, தண்டு, பூவோட அடிப்பக்கம், அப்புறம் செடி முழுசா ஒண்ணு, எல்லாம் எடுத்துடுங்க. கவிழ்தும்பைன்னு ஒண்ணு இருக்கு, பேர்ல தும்பை இருந்தாலும் அது வேற குடும்பம், பூ தலைய கவுத்துக்கிட்டு நிக்கும், மேலேருந்து எடுத்தா முதுகுதான் வரும், கேமராவ தரையில வெச்சு அண்ணாந்து எடுக்கணும். இந்தப் படத்தையெல்லாம் சேத்து ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற வெப்சைட்ல போட்டா செடி தெரிஞ்சவங்க யாராவது பாத்து பேர் சொல்லிடுவாங்க, எடுத்த ஊரையும் தேதியையும் மறக்காம போடுங்க.